சுருட்டு பிடித்த யானை

ஓடைக்கரைக் குழியில் ராட்சத யானையின் எலும்பு கிடைத்ததுதான் தாமதம், "இதுக்கு நாற்பதாயிரம் வயசு!" என்று பத்திரிகைக்காரர்களிடம் அளந்துவிட்டார் அகழாய்வு இயக்குநர் குலோத்துங்கன். எலும்பைச் சுற்றியிருந்த மண்ணைச் சோதித்த ஆய்வகமோ, இருபதாயிரம்கூடத் தேறாது என்று சொல்லிவிட்டது.

அமைச்சர் குழியைப் பார்க்க வந்த அன்று, மண்ணை அள்ளி அனுப்பிய உதவியாளர் செண்பகவடிவை எல்லார் முன்னாலும் நிறுத்தினார் இயக்குநர். "மண்ணோட வயசு எப்படிம்மா பாதியாச்சு? காரணம் சொல்லு, இல்லேன்னா மூட்டையைக் கட்டு!"

"யானை சுருட்டு பிடிச்சிருக்கு சார்."

அமைச்சர் சிரித்துவிட்டார். "யானையாவது, சுருட்டாவது!"

"ஆமாங்கய்யா. மண்ணுல இருக்கிற பழைய கரியை வெச்சுத்தான் வயசைக் கணக்குப் பண்றாங்க. அதுல புதுசா புகையிலைத் தூளும் கரியும் விழுந்தா, கிழட்டு மண்ணும் குமரியாயிடும்."

"என் குழியில எவன்யா சுருட்டு பிடிச்சது?" என்று கர்ஜித்த குலோத்துங்கன், கையிலிருந்த சுருட்டைப் பழக்கதோஷத்தில் குழிக்குள் தட்டினார்.

அமைச்சர் முதல் டிரைவர் வரை எல்லாரும் அந்தச் சாம்பல் விழுவதையே பார்த்தார்கள்.

செண்பகவடிவு குழிக்குள் எட்டிப் பார்த்தாள். "இப்ப இன்னொரு ஆயிரம் வயசு குறைஞ்சிருக்கும் சார்."