விழாத மாஸ்டர்

கனடாவில், ஸ்காபரோ ஐஸ் மைதானத்தில் பிள்ளைகளுக்கு ஐஸ் ஹாக்கி பழக்குகிற குகதாசன் மாஸ்டர் ஒருநாளும் ஐஸில் கால் வைத்ததில்லை. கரையில் நின்று கத்துவதோடு சரி. பிள்ளைகளுக்குச் சப்பாத்து லேஸ் கட்டிவிடுகிற தர்மிலாவுக்கு அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

அன்றைக்கு அவளுடைய மகள் ஆரணி ஏழாவது தரம் விழுந்தாள்.

"இன்னொருக்கா விழுந்தால் டீமிலயிருந்து பேரை வெட்டிப்போடுவன்!" என்று மாஸ்டர் கத்தினார். "விழாமல் ஓட என்ன கஷ்டம்?"

தர்மிலா குனிந்த தலை நிமிராமல், "சொன்னால் அவளுக்கு விளங்குதில்லை மாஸ்டர். ஒருக்கா ஓடிக் காட்டுங்கோவன். லேஸ் நான் கட்டிவிடுறன்" என்றாள்.

தாய் தகப்பன்மார் எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? சறுக்குச் சப்பாத்தைப் போட்டவர், அதன் கத்தியை மூடியிருந்த பிளாஸ்டிக் கவரைக் கழற்றாமலே ஐஸில் இறங்கினார்.

"மாஸ்டர், கவர்!" என்று நாலு வயதுப் பிள்ளைகூடக் கத்தியது. அதற்குள் மனுஷன் தடாரென்று மல்லாந்துவிட்டார். எழும்ப எழும்பச் சறுக்கியது.

"ஓடு ஆரணி," என்றாள் தர்மிலா. "இங்க எழும்பிப் பழகினவள் நீதான். மாஸ்டருக்கும் பழக்கிவிடு."

ஆரணியின் கையைப் பிடித்து எழும்பினவருக்கு, அவள் பேரை வெட்டக் கை வரவில்லை.