பிராகாரம் கூட்டிய செங்கமலத்தம்மையார்

கொன்றைவேலி ஈசன் கோயிலில் பிராகாரம் கூட்டுவது செங்கமலத்தம்மையாரின் தொண்டு. யாரும் அவரிடம் ஒப்படைக்காத வேலை, கூலியும் கிடையாது. பகலெல்லாம் ஊரார் வீடுகளில் பாத்திரம் தேய்ப்பார். அதற்கு முன், வெளிச்சம் பரவும்போதே துடைப்பத்தோடு கோயிலுக்குள் நுழைந்துவிடுவார். கை சருகைத் தள்ள, வாய் ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

ஒரு மார்கழியில், சந்நிதிக்கு எதிரே குனிந்தவர் நிமிரவில்லை. பக்கவாதம். உயிர் பிழைத்தார், ஆனால் இடக்காலும் இடக்கையும் அவர் பேச்சைக் கேட்க மறுத்தன.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பெண், "நடக்க நடக்கத்தான் கால் வரும். உக்காந்துடாதீங்கம்மா" என்று சொல்லி அனுப்பினாள். வீட்டில் நடந்ததோ வேறு. கணவர் வைத்திலிங்கம் மனைவியைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தார். அதுதான் தொல்லை. அம்மையார் கட்டிலை விட்டு அசைந்தால் போதும், "ஐயோ, விழுந்துடப் போற! என்ன வேணும் சொல்லு, நான் எடுத்தாறேன்" என்று ஓடிவருவார். துடைப்பத்தைப் பரண்மேல் போட்டுவிட்டார். பார்க்க வந்தவர்களும் சும்மா போகவில்லை. "இத்தனை வருசம் கூட்டினியே, அந்தச் சாமி உனக்கு என்ன செஞ்சுது?" என்று சிரித்தாள் எதிர்வீட்டு அகிலாண்டம்.

அம்மையாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணவர் மேல், அகிலாண்டத்தின் மேல், வாசல்வரை போவதற்குள் சோர்ந்து சரியும் தன் உடம்பின் மேல். சுவரைப் பார்த்துக் காலைத் தூக்கி இறக்கும் பயிற்சியும் வெறுத்துப்போனது. "இது யாருக்கு ஆகப்போகுது?" என்று பாதியிலேயே விட்டுவிடுவார். முழங்கால் இறுகிக்கொண்டே வந்தது. இப்படியே விட்டால் கட்டிலே கதி என்பது அவருக்குப் புரிந்தது.

ஒருநாள் கணவர் கடைக்குப் போன நேரம் பார்த்து, சுவரைப் பிடித்துத் தெருவில் இறங்கிவிட்டார். தெருவா அது? குழாய்க்குத் தோண்டிவிட்டு மூடாத பள்ளம். குறுக்கே நிறுத்திய மோட்டார் சைக்கிள். காலில் நிற்காத செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு நடந்தார். கோயில் வாசலில் முழங்கால் உயரத்துக்குப் படி, பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஏற முயன்றவர் அப்படியே சாய்ந்தார்.

நல்லவேளையாக அடி இல்லை. கோயில் நிர்வாகம் பார்க்கும் மணியம் நல்லதம்பி ஓடிவந்து தூக்கி உட்காரவைத்தார். "இனிமே இந்தப் பக்கம் வராதீங்க. ஏதாச்சும் ஆனா யாரு பதில் சொல்றது?"

அம்மையார் அழவில்லை. இருந்த இடத்திலிருந்தே உள்ளே ஈசனைப் பார்த்துக் கத்தினார்: "ஏன்யா, நீ காலங்காலமா ஒத்தக் கால்ல நின்னு ஆடற. உன்னை எவனாச்சும் உக்காருன்னு சொல்றானா? என்னை மட்டும் உக்காரு உக்காருன்னு எல்லாரும் உசிர வாங்குறாங்க. நீயும் படிய உசரமா வெச்சுக்கிட்டு வேடிக்கை பாக்குற! நாளைக்கும் வருவேன். விழுந்தா உன் வாசல்லதான் விழுவேன்."

சொன்னபடியே வந்தார். படி ஏற முடியாததால், வேப்பங்கொத்தை ஒடித்து வெளிவாசலை வலக்கையால் கூட்டினார். தடுத்துத் தடுத்துச் சலித்த வைத்திலிங்கம், புலம்பிக்கொண்டே குடையோடு பின்னால் வந்தார்.

ஒரு மதியம் மணியம் நாற்காலியிலேயே கண்ணயர்ந்தார். கனவில் சடைமுடிக் கிழவர் ஒருவர் நொண்டிக்கொண்டு வந்து, பாதத்தைத் தூக்கி மேசைமேல் வைத்தார். உள்ளங்கால் முழுக்க நெருஞ்சி முள்.

"பாரு. உள்ள கூட்ட ஆளில்லாம என் கால் படுற பாடு! வர்றவளையும் வாசல்லயே நிறுத்திட்ட. அவளுக்கு வழி பண்றியா, இல்ல நானே வெளிய போயி அவகூட உக்காந்துக்கவா?"

மணியம் திடுக்கிட்டு விழித்தார். ஆட்களைக் கூப்பிட்டு, படியின்மேல் சாய்வாகப் பலகை போட்டு, பிடித்து ஏற இரும்புக் கம்பியும் நட்டார். பிறகு அம்மையாரின் வீட்டுக்கே போய்க் கைகூப்பினார். "தெரியாம தடுத்துட்டேம்மா. சாமி உங்களைக் கூப்புடுறாரு."

"இப்பத்தான் நெனப்பு வந்துச்சாமா அவருக்கு?" என்று வெடுக்கெனக் கேட்டவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

கால் முழுதாகத் திரும்பவில்லை. கடைசிவரை இழுத்து இழுத்துத்தான் நடந்தார். தூணுக்குத் தூண் உட்கார்ந்து எழுந்துதான் கூட்டினார். உட்காரச் சொன்ன ஊரோடும், வேடிக்கை பார்த்த ஈசனோடும் சண்டையிட்டு நடந்த செங்கமலத்தம்மையாரின் திருவடிகள், இழுபட்ட அந்த இடக்காலும் சேர்ந்தே, நம் தலைமேல் இருக்கட்டும்.