பொன்னழகியின் அப்பீல்

"அந்தப் பொம்பளை என் ஆபீஸ் வாசலை விட்டு நகர மாட்டேங்கிறா சீனியர். நான் என்னதான் செய்யறது?"

மருதவாணன் கேட்டது தன் குருவிடம்.

குரு என்றால் காவி கட்டியவர் இல்லை. வக்கீல் பத்மாசனி அம்மாள். மதுரைக் கோர்ட்டில் அவரிடம்தான் மருதவாணன் தொழில் படித்தார். பிறகு அரசு வக்கீலாகி, வருஷக்கணக்கில் ஆட்களை ஜெயிலுக்கு அனுப்பினார். இப்போது சொந்தத் தொழில். ஜெயிலிலிருந்து ஆட்களை வெளியே எடுக்கிறார். அதில் பேர் வந்தது, இதில் கார் வந்தது. மனுஷனுக்கு என்ன குறை என்கிறீர்களா? அதுதான் வாசலில் உட்கார்ந்திருந்ததே.

"யார் அவ?"

"பேரு பொன்னழகி. அவ புருஷன் மாயாண்டிக்குக் கொலைக் கேஸ்ல ஆயுள் தண்டனை வாங்கிக் கொடுத்ததே நான்தான்."

"திட்ட வந்திருக்காளா?"

"திட்டினாத்தான் தேவலையே. 'அன்னிக்கு நீங்கதான் நல்லாப் பேசினீங்க. அப்பீலுக்கும் நீங்களே பேசுங்க'ங்கிறா."

சொல்லும்போதே அவருக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அவள்மேல் கோபம் கோபமாக வந்தது.

"சர்க்காருக்குப் பேசின கேஸ்ல எதிர்ப்பக்கம் பேசக் கூடாதுன்னு சொல்லிட்டேன். வேற நல்ல வக்கீலும் பிடிச்சுக் கொடுத்துட்டேன்."

"அப்ப விஷயம் முடிஞ்சுது. என்கிட்ட எதுக்கு வந்தே?"

மருதவாணன் தரையைப் பார்த்தார்.

"அந்த வக்கீல் தோத்துடுவார். மாயாண்டி கொலை செய்யலைங்கிறது அவருக்குத் தெரியாது."

"உனக்குத் தெரியுமா?"

"கண்ணால பார்த்த சாட்சி ஒரே ஒருத்தன். கூண்டுல ஏறுறதுக்கு முன்னாடி வராந்தாவில என்கிட்ட வந்து, 'ஐயா, வெட்டினது மாயாண்டி இல்லைங்க, போலீஸ்ல மிரட்டிச் சொல்ல வெச்சாங்க'ன்னான்."

"நீ என்ன சொன்னே?"

"மாத்திச் சொன்னா நீயும் உள்ளே போவேன்னு சொன்னேன்."

அம்மாள் கண்ணை மூடித் திறந்தார்.

"இப்ப அவனைச் சொல்லச் சொல்லு."

"போன வருஷம் செத்துப் போயிட்டான். அதைச் சொல்ல இனிமே யாரு இருக்கா?"

அம்மாள் மெதுவாக எழுந்து தன் வீட்டு வாசற்படிக்குப் போனார். தெருவைப் பார்த்து நின்றுகொண்டு, கோர்ட் டவாலி சாட்சியைக் கூப்பிடுகிற மாதிரி இழுத்துக் கூப்பிட்டார்.

"மருதவாணன்..."

மருதவாணன் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"மருதவாணன்..."

"சீனியர், நான் கூண்டுல ஏறி இதைச் சொன்னா, அதோட என் தொழில் முடிஞ்சுது. என்னையே உள்ளே வெச்சாலும் வெப்பாங்க."

கோர்ட்டில் மூன்று தடவைதான் கூப்பிடுவார்கள். அப்புறம் சாட்சி வரவில்லை என்று எழுதிவிட்டு அடுத்த கேஸுக்குப் போய்விடுவார்கள்.

"மருதவாணன்..."

அவர் எழுந்து நின்றார்.

"இருக்கேன்" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லு" என்றார் அம்மாள்.