எறும்புகள் எதிரெதிரே நிற்பது ஏன்?

அந்தக் காலத்தில், புல்லும் பூச்சியும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, எறும்புகளுக்கு ஒரே ஒரு சொல் மட்டும் தெரியாது. 'போ' என்பார்கள், 'வா' என்பார்கள். 'தூக்கு', 'இழு', 'தள்ளு' எல்லாம் உண்டு. 'நில்' என்ற சொல் அவர்கள் பேச்சிலேயே கிடையாது. அதற்கு அவசியம் வந்ததில்லை. கூட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்தால் நடக்க ஆரம்பிப்பார்கள், காலம் முடியும்வரை நடைதான். பேச்சும் நடந்துகொண்டேதான். "ஏட்டி, களத்துல கம்பு..." என்று ஒருத்தி ஆரம்பிப்பாள். "கொட்டிக் கிடக்கு" என்று முடிப்பதற்குள் கேட்டவள் எங்கோ போயிருப்பாள். மிச்சத்தை அவளுக்குப் பின்னால் வருகிறவள் காதில் வாங்கிக்கொள்வாள். அப்படியும் குடித்தனம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கம்புக் களத்துக்குக் கொஞ்சம் தள்ளி முள் அடர்ந்த ஓர் உடைமரம். அதன் அடியில் இருந்த புற்றில் சீனியம்மா என்று ஒருத்தி இருந்தாள். நடையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு, கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. அவளுக்குத் தங்கை காத்தாயி. இருவரும் ஒரே பொழுதில் கூட்டிலிருந்து வந்தவர்கள்தான். சீனியம்மா முதலில் தலையை நீட்டிவிட்டதால் அக்கா ஆகிவிட்டாள்.

சின்ன வயதில் இரண்டு பேரும் பிரிந்து நடந்ததே இல்லை. ஒரு கம்பு மணி கிடைத்தால் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுப்பார்கள். இழுக்கிற திசை மாறிப்போய், கம்பு அப்படியே கிடக்க, இருவரும் அதைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். ஒரு சித்திரையில் பனையேறியின் கலயத்திலிருந்து ஒரு சொட்டுப் பதநீர் மண்ணில் விழுந்தது. அக்காளும் தங்கையும் அதன் கரையை எதிரும் புதிருமாகச் சுற்றி நடந்துகொண்டே குடித்தார்கள். குடித்து முடித்தபோது இரண்டு பேர் முகமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. பிய்த்துக்கொண்டு வர முடியாமல் காத்தாயி சிரித்தாளே ஒரு சிரிப்பு, அந்தச் சிரிப்புக்காகவே இன்னொரு சொட்டு விழாதா என்று சீனியம்மா பல நாள் அந்தப் பனையடிக்கே போய்ப் பார்த்தாள். அந்த நாட்களை நினைத்தால் அவளுக்கு நெஞ்சு இனிக்கவும் செய்யும், வலிக்கவும் செய்யும்.

ஏனென்றால் அது நீடிக்கவில்லை. சீனியம்மாவின் வேகத்தைக் கேள்விப்பட்டு, புற்றுக்குத் தாயான ராணி அவளை வரிசைக்கு முன்னால் விட்டாள். காத்தாயி பின்னால் தங்கிப்போனாள். அதன் பிறகு ஒருத்தி போகும்போது மற்றவள் எதிரே வருவாள். "யக்கா" என்பாள் தங்கை. "ம்" என்பாள் அக்கா. அதற்குள் இரண்டு பேரும் கடந்திருப்பார்கள். பேச வேண்டியதை எல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று சீனியம்மா இருந்துவிட்டாள். நாமும் அப்படித்தானே இருக்கிறோம்.

ஓர் ஐப்பசியில் வடக்கே வானம் கருத்தது. களத்தில் கடைசிக் கம்பு சிதறிக் கிடந்தது. மழை இறங்குவதற்குள் அதை உள்ளே சேர்த்தால்தான் குளிர்காலத்துக்குச் சாப்பாடு. புற்றே ஓட்டமும் நடையுமாக இருந்தது. சீனியம்மா களத்தை நோக்கிப் பறந்துகொண்டிருந்தபோது, தலையில் கம்போடு காத்தாயி எதிரே வந்தாள்.

"யக்கா, ஒரு வார்த்தை."

"நடந்துக்கிட்டே சொல்லுட்டி."

"நடந்துக்கிட்டே சொல்லுத வார்த்தை இல்லக்கா."

"அப்பம் பெறவு சொல்லு. மழை வருதுல்லா!"

சொல்லிக்கொண்டே சீனியம்மா கடந்துவிட்டாள். தங்கையின் குரல் என்றும்போல் இல்லை என்று மனதில் ஒரு முள் தைத்தது. ஆனாலும் கால் போய்க்கொண்டேதான் இருந்தது. நிற்கத் தெரியாத கால் வேறென்ன செய்யும்?

மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் உள்ளே வந்து, மண்ணால் வாசலை அடைத்தார்கள். சீனியம்மா தங்கை சுமை இறக்குகிற மூலைக்குப் போனாள். அங்கே யாரும் இல்லை. "வந்திருப்பா", "கீழ இருப்பா", "நாளைக்குப் பாத்துக்கிடலாம்" என்று போகிறபோக்கில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மழை விடும்வரை சீனியம்மா அந்த மூலைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

வாசல் திறந்ததும் முதல் ஆளாக வெளியே ஓடினாள். பாதி வழியில், பாதை ஓரமாக, ஒரு கம்பு நனைந்து ஊதிக் கிடந்தது. காத்தாயி தலையில் இருந்ததுதானோ என்று சீனியம்மாவுக்குத் திக்கென்றது. தூக்கிய சுமையை எறும்பு வழியில் வைத்ததாக யாரும் கேள்விப்பட்டதே இல்லை. பக்கத்தில் ஒரு கல்லடியில் கிழட்டுச் சாணி வண்டு ஒன்று தன் உருண்டையை வெயிலில் காய வைத்துக்கொண்டிருந்தது.

"வண்டு மாமா, இத வச்சவளப் பாத்தியளா?" என்று அந்தக் கம்பைச் சுற்றி நடந்துகொண்டே கேட்டாள்.

"பாத்தேன் தாயி. எதுக்க வந்த அம்புட்டு பேரையும் கூப்பிட்டுச்சு. கடைசியா உன்னையும் கூப்பிட்டுச்சு. நீ போன பெறவு திரும்பித் திரும்பி உன் முதுகையே பாத்துக்கிட்டு நடந்துச்சு. பெறவு சுமைய இறக்கி வச்சிட்டு, பாதைய விட்டு இறங்கிப் போயிட்டுது."

"கால்ல கீல்ல அடியா மாமா?"

"இல்லயே. நடை நல்லாத்தான் இருந்துது."

"போகும்போது என்ன சொன்னா?"

"சொல்லுததுக்கு யாரு இருந்தா?" என்றது வண்டு. பிறகு தலையைக் குனிந்துகொண்டது. "நானாவது என்ன ஏதுன்னு கேட்டிருக்கலாம். வேத்து இனம், நமக்கென்னன்னு இருந்துட்டேன்."

சீனியம்மாவின் கால்கள் ஓய்ந்தன. உலகம் உண்டான நாளிலிருந்து எந்த எறும்பும் செய்யாததை அவள் செய்தாள். பாதை நடுவில் அப்படியே இருந்துவிட்டாள். பின்னால் வந்தவள் அவள் மேல் மோதினாள், அவள் மேல் அடுத்தவள் மோதினாள், புற்று வரைக்கும் வரிசை நெளிந்துபோனது.

"ஏட்டி, உனக்கு உசுரு இருக்கா போயிட்டா?" என்று ஒருத்தி கத்தினாள்.

"இருக்கு, இருக்கு. நிக்குது, அம்புட்டுதான்" என்றது வண்டு.

அந்தச் சொல்லை அங்கேதான் எறும்புகள் முதன்முதலாகக் கேட்டன. சீனியம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். எதிரே வந்த ஒவ்வொருத்தியிடமும் "நில்லு" என்றாள். நின்றவளின் முகத்தைத் தன் மீசையால் தடவினாள். "என் தங்கச்சி காத்தாயியப் பாத்தியா?" என்று கேட்டாள். இல்லை என்றதும் அடுத்தவளைப் பிடித்தாள். அன்று களத்திலிருந்து ஒரு மணிகூட வீடு வந்து சேரவில்லை.

ராணி ஆள் அனுப்பினாள். புற்றின் அடியறையில், வெளிச்சமே படாத இடத்தில், அவள் பெரிய உடம்போடு கிடந்தாள்.

"நீதான் பாதைய அடைச்சவளா?"

"ஆமா ஆத்தா."

"குளிருக்குத் தின்ன வேண்டாமா? ஒருத்திக்காக இத்தன பேரு பட்டினி கிடக்கணுமா?"

"அவ என்னையக் கூப்பிட்டா ஆத்தா. என்னமோ சொல்ல வந்தா. மழை வருதுன்னு நான் போயிட்டேன். பாதைய விட்டே இறங்கிப் போயிட்டா. அது என்ன வார்த்தைன்னு கேக்காம எனக்கு ஒரு மணி கம்பு தொண்டைல இறங்காது."

"எனக்குத் தெரியாம இப்படி எத்தன பேரு இறங்கிப் போயிருப்பாளுவளோ" என்றாள் ராணி மெதுவாக. பெற்றவள் அவள். ஆனால் பெற்ற ஒருத்தியின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. "சரி, தேடச் சொல்லுதேன். அவ எப்படி இருப்பா? அடையாளம் சொல்லு."

சீனியம்மா வாயைத் திறந்தாள். பதநீர் ஒட்டிய அந்தச் சின்ன முகம்தான் கண்ணுக்குள் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே வரவில்லை. தினமும் எதிரே வந்தவள்தான். ஆனால் "ம்" என்ற நேரத்துக்குள் எவ்வளவு பார்க்க முடியும்? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"சின்னதுல எப்படி இருந்தான்னு கேளுங்க ஆத்தா, சொல்லுதேன். இப்பம் எப்படி இருப்பான்னு எனக்குத் தெரியாது."

அறையில் இருந்த எறும்புகள் எல்லாம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டன. தனக்கு முன்னால் நடப்பவளின் முதுகையும் எதிரே வருபவளின் அவசரத்தையும் தவிர, அவர்களில் யாரும் யாரையும் பார்த்ததில்லை.

"அடையாளம் தெரியலேன்னா, எதுக்க வாரவ யாரா இருந்தாலும் அவளா இருக்கலாம்" என்றாள் ராணி. "ஒருத்தி விடாம நின்னு பாத்துட்டே போங்க. சோறு குறைஞ்சா குறையட்டும்."

அந்தக் குளிர்காலத்தில் புற்றில் எல்லோரும் அரை வயிறுதான். யாரும் முகம் கோணவில்லை. சீனியம்மா நடை தளரும்வரை தேடினாள். எத்தனையோ முகங்களைத் தடவினாள், எத்தனையோ பேர் சொல்ல வந்ததை நின்று கேட்டாள். காத்தாயி மட்டும் கிடைக்கவில்லை. சீனியம்மாவின் காலம் முடிந்த பிறகும் தேடுவதை யாரும் விடவில்லை. பக்கத்துப் புற்றுக்குச் சேதி போயிற்று, அங்கிருந்து அடுத்த ஊருக்குப் போயிற்று. நாளடைவில் யார் யாரைத் தேடினார்கள் என்பதுகூட மறந்துபோனது.

அன்று முதல்தான், எவ்வளவு அவசரமாக ஓடினாலும், எதிரே இன்னோர் எறும்பு வந்தால் எறும்பு சட்டென்று நிற்கிறது. முகத்தோடு முகம் வைத்து, மீசையால் தடவிப் பார்த்து, "நீதானா?" என்று கேட்கிறது. "நான் இல்ல தாயி. பாத்தா சொல்லுதேன்" என்று மற்றது சொன்ன பிறகுதான் இரண்டும் தத்தம் வழியே போகின்றன.