மீதி ஆறு தட்டுகள்

மூட்டு அறுவை மருத்துவர் இளம்பரிதி ஐம்பத்தோரு வயதில் மறுபடி மாணவரானார். ஆய்வகத்தில் அவருக்கு வழிகாட்டி நிலோஃபர். அவரைவிடப் பதினான்கு வயது இளையவர். மருத்துவமனையில் இளம்பரிதி நடந்தால் நாற்காலிகள் வழிவிடும். இங்கே முதல் நாளே வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள்.

வந்த காரணம், மகள் வதனி. கபடி ஆடியவள். முழங்காலில் குருத்தெலும்பு கிழிந்துபோயிருந்தது. அவள் காலிலிருந்தே கிள்ளி எடுத்த துணுக்கின் செல்கள் பன்னிரண்டு சிறு ஆய்வகத் தட்டுகளில் இருந்தன. வளர்ந்தால் அவள் காலுக்கே திரும்பும். வளர்வதற்காக நாளுக்கு இருபது நிமிடம் மீயொலி. காதுக்குக் கேட்காத ஓர் அதிர்வு. பிறகு உடல் சூட்டிலேயே வைத்திருக்கும் இன்குபேட்டர் பெட்டிக்குள் வைத்து மூடிவிட வேண்டும்.

மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு இருப்பதுதான் இளம்பரிதிக்கு வரவில்லை. எழுந்தார், நடந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

ஒன்பதாம் நாள் நிலோஃபர் ஊரில் இல்லை. அவர் திரும்பி வந்து நுண்ணோக்கியில் பார்த்தபோது ஆறு தட்டுகளில் செல்கள் அடியிலிருந்து பிடி விட்டு, செத்து மிதந்தன.

"எவ்வளவு நேரம் குடுத்தீங்க, டாக்டர்?"

"ஆறு மணி நேரம். இந்த ஆறுக்கு மட்டும்."

நிலோஃபர் நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தார்.

"ஒரு வாரத்து மாத்திரையை ஒரே நாள்ல முழுங்கிட்டு வர்றவங்களை எத்தனை பேரைத் திட்டியிருக்கேன், மேடம். எனக்கே புத்தி போச்சு பாருங்க." சொல்லும்போதே மீதி ஆறு தட்டுகளையும் ட்ரேயோடு வெளியே எடுத்திருந்தார். "இதுக்கு இன்னைக்கு இருபது நிமிஷம் ஆச்சு. இன்னும் ஒரு பத்து நிமிஷம் குடுத்தா என்ன? மீதி நேரமெல்லாம் உள்ள சும்மாதானே கிடக்குது?"

நிலோஃபர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க. வதனி எப்படி இருக்கா?"

"நேத்துதான் அவ..."

"வலி குறைஞ்சுதா?"

"குறையல, ஆனா..."

"நடக்கிறாளா?"

"கட்டையை ஊன்றிக்கிட்டு, வாசல் வரைக்கும்..."

"வதனி எப்படி இருக்கா?"

"அதத்தானே சொல்ல வர்றேன், அவ வந்து..."

"வலி குறைஞ்சுதா?"

"மேடம்..."

"நடக்கிறாளா?"

இளம்பரிதி ட்ரேயோடு எழுந்த வேகத்தில் ஸ்டூல் சாய்ந்தது. முகம் சிவந்திருந்தது.

"கேட்டுக்கிட்டே இருந்தா நான் எப்ப மேடம் பதில் சொல்றது?"

நிலோஃபர் அவர் கையிலிருந்து ட்ரேயை வாங்கினார். தட்டுகளை உள்ளே வைத்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

"இதுங்க இப்ப பதில் சொல்லிட்டிருக்கு, டாக்டர். அடுத்ததை நாளைக்குக் கேப்போம்."