உப்பளத்துக்குத் தெரிஞ்ச ராக்கெட்

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா. இசக்கின்னு பேரு. காலை ஆட்டாம படு, அப்பத்தான் சொல்லுவேன். ம் போடு.

ம்.

அவ அம்மா உப்பளத்துல உப்பு வாருறவ. விடியறதுக்கு முன்னாடி போயிருவா, பொழுது சாய வருவா. பள்ளிக்கூடத்துல இசக்கி ஆடினாலும் பாடினாலும் அம்மா வந்து பார்த்ததே இல்ல. ஒரு நாள் நின்னா கங்காணி வேற ஆளைப் போட்டுருவான். பாவம், அவதான் என்ன செய்வா.

அப்போ ஜெயராணி டீச்சர் பிள்ளைகளுக்கு அட்டையில ராக்கெட் செய்யச் சொல்லிக் கொடுத்தாங்க. அடியில, மேல தள்ளுறதுக்கு வெடிமருந்து அடைச்ச மருந்துக்குழல். உச்சிக்குப் போனதும் உள்ளுக்குள்ள 'டப்'புன்னு குட்டியா ஒண்ணு வெடிச்சு, மூக்கைத் தள்ளிவிட்டு, மெதுவா கீழ இறங்க ஒரு குடையை விரிக்கும். இசக்கி அம்மாகிட்ட, "எம்மா, நீ வரவேண்டாம். மத்தியானம் கஞ்சி குடிக்க உக்காரும்போது பள்ளிக்கூடத்துப் பக்கமா அண்ணாந்து பாரு, போதும்"னா.

ராக்கெட்டு 'சொய்ங்ங்'னு போச்சு. போகப் போக கொசு மாதிரி ஆச்சு, அப்புறம் அந்தக் கொசுவும் இல்ல. பொழுது சாய அம்மா வந்ததும் இசக்கி கேட்டா.

"பார்த்தியாம்மா?"

"கழுத்து வலிக்கப் பார்த்தேன்டி. ஒண்ணும் தெரியல."

அப்புறம் இசக்கிக்கு ஒரு யோசனை. குடைக்கு மேல பொடி வச்சா, வெடிக்கும்போது புகை மாதிரி பரவும்ல? அடுப்புக்கரியை இடிச்சு எடுத்துட்டுப் போனா. டீச்சர், "நல்ல காரியத்துக்குக் கரியா? மங்களமா கோலமாவு வைடி"ன்னாங்க. சரின்னு வச்சாச்சு. 'சொய்ங்ங்', 'டப்', 'புஸ்ஸ்'. ஆனா உப்பளத்துல தரையும் வெள்ளை, வெயில்ல வானமும் வெள்ளை, கண்ணே கூசும்.

"மேகம்னு நினைச்சுட்டேன்டி"ன்னா அம்மா. இசக்கி திரும்பிப் படுத்துக்கிட்டு அழுதா. அம்மாவுக்கும் அன்னைக்குச் சோறு இறங்கல.

தூங்கிட்டியா?

ம்ஹூம்.

அப்போ மருந்துக்குழல் ஒண்ணுதான் மிச்சம். இசக்கி, "டீச்சர், மங்களம் எனக்கு வேண்டாம். எங்கம்மா பார்க்கணும்"னா. டீச்சர் கோலமாவைத் தள்ளி வச்சாங்க. அவங்களே கரிப்பொடியை அள்ளி வச்சாங்க, சேலையெல்லாம் கரி.

'சொய்ங்ங்', 'டப்', 'புஸ்ஸ்'. வெள்ளை வானத்துல கன்னங்கரேல்னு ஒரு புகை. பிள்ளைங்க எல்லாம் குடை இறங்குற பக்கம் ஓடுதுங்க. இசக்கி மட்டும் உப்பளத்துப் பக்கமே பார்த்துக்கிட்டு நிக்கிறா.

கொஞ்ச நேரத்துல, பொட்டல்ல யாரோ 'தபதப'ன்னு ஓடி வர்றாங்க. கையில உப்பு வாருற பலகை. கால்ல செருப்பு இல்ல. யாரு? அம்மாதான். கரும்புகையைப் பார்த்ததும், ராக்கெட்டு வெடிச்சு மகளுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு நினைச்சுட்டா. கஞ்சியையும் விட்டுட்டு, கங்காணி கத்தக் கத்த வந்திருக்கா. வந்தவ இசக்கி கையைத் தடவுறா, முகத்தைத் தடவுறா.

"பார்த்தியாம்மா?"ன்னு கேட்டா இசக்கி.

"பார்க்காமயாடி ஓடி வந்தேன்"னா அம்மா.

அவ்வளவுதான். கதை அவங்க ரெண்டு பேரு கூடவே வீட்டுக்குப் போயிருச்சு. நீ கண்ணை மூடு.