இருபதாவது விநாடி

“என் திரை நல்லா எரியுது. தவமணியோட சென்சார்தான் சாகுது. அதுக்கு என்னை எதுக்குங்க கூப்பிடறீங்க?” என்றார் அருளப்பன்.

மங்கையர்க்கரசி தன் பக்கத்து நாற்காலியைக் காட்டினாள். உட்கார்ந்தார்.

அவருக்கு ஐம்பத்தொரு வயது. அவளுக்கு முப்பத்தாறு. இயங்குதளத்தின் உள்வேலையைக் கற்றுக்கொடு என்று ஆறு மாதம் முன்னால் அவர்தான் அவளிடம் போய் நின்றார். அன்று முதல் அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை சார் என்பாள். கோவையின் அந்தச் சின்ன ஆய்வுக்கூடத்தில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் இல்லை.

மேசைமேல் ஒரு வெள்ளைப் பெட்டி. பிறந்த குழந்தைகளின் மூச்சைக் கவனிப்பதற்காக அவர்கள் செய்துகொண்டிருந்த பெட்டி. அதில் திரை அருளப்பனுடையது. மூச்சை அறியும் சென்சார் தவமணியுடையது.

பெட்டியைப் போட்டால் திரை வந்தது. சென்சார் வரவில்லை. பத்து நாளாக வரவில்லை.

நாலு மணிக்குத் தவமணியின் கையில் வேலைநீக்கக் கடிதம் கொடுப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். இப்போது மணி ஒன்று.

“சென்சார் பத்திக் கேக்கணும்னா அவங்களையே கேளுங்க” என்றார் அருளப்பன். “பதினொண்ணுக்குத்தான் வருவாங்க. அவங்க எழுதுன நிரலும் அப்படித்தான். அம்மாவப் போலப் பொண்ணு.”

தவமணியின் கணவர் சித்திரை மாதம் பக்கவாதம் வந்து விழுந்தவர். அவரைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, இரண்டு பஸ் மாறி வருகிறவள் அவள். இது அருளப்பனுக்குத் தெரியாததல்ல.

மங்கையர்க்கரசி ஒரு பழைய காகிதத்தை மடித்துத் திரையின்மேல் ஒட்டினாள்.

“என்னுதை ஏனுங்க மறைக்கறீங்க?”

“கண்ணையும் மூடிக்குங்க சார்.”

“தியானமா?”

“காதை மட்டும் தொறந்து வைங்க.”

பெட்டியைப் போட்டாள்.

சென்சாருக்குள் ஒரு குட்டிப் பம்பு உண்டு. மின்சாரம் வந்தவுடன் அது முனக ஆரம்பிக்கும். கடுகளவு சத்தம். இந்தப் பத்து நாளில் அருளப்பன் அதைக் கேட்டதே இல்லை. இப்போது கேட்டது.

“எண்ணுங்க.”

எண்ணினார். பதினெட்டு. பத்தொன்பது. இருபது.

முனகல் நின்றது.

“இருபதாவது விநாடியில உங்க திரை என்ன செய்யுது?”

“ஒண்ணும் செய்யல. முதல் படத்தக் காட்டி முடிச்சுடும். அப்புறம் எதுக்கு மின்சாரத்தப் பிடிச்சு வெச்சுக்கணும்னு விட்டுடும், வேணுங்கறப்ப மறுபடி பிடிச்சுக்கும். பேட்டரிய மிச்சம் பண்ணுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“சென்சார் தன் பிடியப் போட எவ்வளவு நேரம் ஆகும்?”

“நாப்பது விநாடி. சோம்பேறி.”

“ரெண்டுக்கும் மின்சாரம் எங்கிருந்து வருது?”

அருளப்பன் கண்ணைத் திறந்தார்.

ஒரே தடம். அதை வரைந்தவரே அவர்தான். பெட்டி எழும்போது அந்தத் தடம் திறந்தே இருக்கும். திரை முதலில் வந்து பிடிக்கும். சென்சார் மெல்ல எழுந்து, நாற்பதாவது விநாடியில் தானும் பிடித்துக்கொள்ளும். இடையில் பிடித்திருந்தவர் விட்டால், யாருக்கும் வேண்டாம் என்று இயங்குதளம் தடத்தை மூடிவிடும்.

“நான் அணைக்கலீங்களே” என்றார். குரல் இறங்கியிருந்தது. “என் பிடிய மட்டுந்தானே விட்டேன்.”

அவள் திரைமேல் ஒட்டியிருந்த காகிதத்தைப் பிரித்தெடுத்தாள்.

“சரி. தடத்த எப்பவும் தொறந்தே வெச்சுடலாம்.”

“கரண்டு போன வார்டுல பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்?”

“அப்ப என் திரைய அறுபது விநாடி காத்திருக்கச் சொல்றேன்.”

“அறுபத்தொண்ணுல வர்றவளுக்கு?”



அருளப்பன் மெதுவாகக் கேட்டார்: “இன்னும் வராத ஆளு இருக்காங்கன்னு தடத்துக்கு எப்படிங்க தெரியும்?”

அவள் ஒரு கோப்பைத் திறந்து அவர் பக்கம் திருப்பினாள். பெட்டியின் எந்த உறுப்பு எந்தத் தடத்தில் இருக்கிறது என்று எழுதிய கோப்பு. அந்தத் தடத்தின் கீழே இரண்டு பெயர்கள் இருந்தன. இரண்டையும் எழுதியவர் அருளப்பன்.

எழுந்து தன் மேசைக்குப் போனார். சாப்பிடப் போகவில்லை. பெயர் எழுதியிருக்கிற எல்லோரும் வந்து சேரும்வரை தடத்தை மூடாதே என்று மாற்றி எழுதினார். பதினோரு வரி.

மூன்றேகாலுக்குப் பெட்டியைப் போட்டார். இருபதைத் தாண்டியும் முனகியது. முப்பதைத் தாண்டியது. நாற்பதில் திரையில் ஒரு பச்சைக் கோடு ஏறி இறங்கியது.

நேரே மேலாளர் பழனியப்பனின் அறைக்குப் போனார். கதவைத் தட்டவும் மறந்துவிட்டார்.

“சார், பிழை தவமணியோடது இல்ல. என்னோடது. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். என்ன தண்டனையோ எனக்குக் குடுங்க. கடிதத்த நிறுத்துங்க.”

பழனியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதர் இல்லை.

“ஒத்துக்கிட்டீங்களே, அதுக்கு ஒரு மனசு வேணும். ஆனா கடிதம் அந்தப் பிழைக்காக இல்லீங்களே.”

“எல்லாரும் அப்படித்தானே பேசிக்கறாங்க?”

“பேசுவாங்க. ஒரு ஆளக் குறைக்கணும்னு மேல இருந்து சொன்னாங்க. திங்கக்கிழமை உங்களுக்கும் மங்கையர்க்கரசிக்கும் மெயில் போட்டேன். தவமணி வேணும்னா ஒரே ஒரு வரி எழுதுங்க, புதன் மதியம் வரைக்கும் பாப்பேன், வரலைன்னா வேண்டாம்னு எடுத்துக்குவேன்னு. ரெண்டு பேர்ல ஒருத்தர் எழுதியிருந்தாப் போதும், கணக்கப்பிள்ளைங்கள்ல ஒருத்தரக் குறைச்சிருப்பேன். இன்னிக்கு வியாழன். பேரு மேல போயிடுச்சு.”

அருளப்பனுக்கு நினைவிருந்தது. எலுமிச்சைச் சாதம் பிசைந்த கையோடு, இடது கைக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் படித்த மெயில். டீச்சர் பார்த்துக்கொள்வாள், தவமணியை இங்கே கொண்டுவந்து சேர்த்தவளே அவள்தானே என்று நினைத்து மூடியது.

வெளியே வந்தார்.

தவமணி தன் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மாத்திரை அட்டை, சீப்பு, டிபன் பாக்ஸ் எல்லாம் ஏற்கெனவே பைக்குள் போயிருந்தன.

“சென்சார் எந்திரிச்சுடுச்சாங்க?” என்று கேட்டாள்.

“எந்திரிச்சுடுச்சு.”

“நான் சொன்னனில்ல? கொஞ்சம் லேட்டாகும், ஆனா வந்துடும்.” அவள் முகத்தில் நிஜமாகவே ஒரு சந்தோஷம் இருந்தது. அதைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை.

மங்கையர்க்கரசியின் மேசைக்குப் போனார். நாற்காலி இருந்தது. உட்காரவில்லை.

“டீச்சர். திங்கக்கிழமை ஒரு மெயில் வந்துச்சே.”

விசைப்பலகையின்மேல் அவள் விரல்கள் நின்றன.

“நீங்க ஏனுங்க ஒரு வரி எழுதல?”

ஆறு மாதத்தில் அவர் கேட்ட எந்தக் கேள்விக்கும் அவள் இவ்வளவு நேரம் எடுத்ததில்லை.

“மூத்தவர் நீங்க” என்றாள் கடைசியில். “நீங்க எழுதியிருப்பீங்கன்னு இருந்தேன்.”